பஞ்சாபி என்று ஒரே கட்டம்

மகளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது அவளோடு இருந்தவர் ஒரே ஒரு ஆள், பாடசாலை டக்ஸியின் சாரதி. அதுவும் வழக்கமான சாரதி இல்லை, அந்த வாரத்துக்கு மட்டும் மாற்றாக வந்தவர்.

அவளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே வலது கால் பலவீனம். காலுக்குப் பட்டை கட்டித்தான் நடப்பாள். அதனால் மஞ்சள் பஸ் அவளுக்குச் சரிவராது. இப்படி நாலைந்து பிள்ளைகளை ஒரு டக்ஸி ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்கும். நாங்கள் இருப்பது நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், கடைசி வீடு. வில்லரேயில் மற்றப் பிள்ளைகளை இறக்கிய பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் அவளும் சாரதியும் மட்டும்தான் வண்டியில் இருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை. இப்போது வேறெதையும் யோசிப்பதில்லை.

வேலையிடத்துக்கு அழைப்பு வந்தது. நான் மெட்ரோவில் ஓடினேன். மனைவி எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். சிறுவர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், திரைச்சீலைக்குப் பின்னால், மகள் ஆழ்ந்த தூக்கத்தில் கிடந்தாள். வலிப்புக்குப் பிறகு இப்படித் தூங்குவார்களாம். இடது புருவத்துக்கு மேலே அரைத் தேசிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

அந்த வீக்கம்தான் பிரச்சினை. வைத்தியர் முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண். எனக்கு விளங்கும்படி பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ்யூ, இரண்டு வழி இருக்கிறது. தலை முதலில் அடிபட்டு, அதனால் வலிப்பு வந்திருந்தால், உள்ளே இரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஸ்கான் எடுக்க வேண்டும். வலிப்பு முதலில் வந்து, பிறகு அடிபட்டிருந்தால் அது வேறு கதை. பிறந்தபோது இவளுடைய மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு தழும்பு ஏற்பட்டிருக்கலாம் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தழும்பிலிருந்து வந்ததென்றால், வலது கையில் தொடங்கியிருக்கும். எந்தப் பக்கம் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்போது அடிபட்டது. இந்த மூன்றையும் பார்த்தவர் ஒருவர்தான்."

அந்த ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கதிரை இருந்தும் உட்காரவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை. கம்பளித் தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் பிசைந்துகொண்டிருந்தார். அம்புலன்ஸுக்குப் பின்னாலேயே டக்ஸியை ஓட்டி வந்தாராம். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் சில சொற்கள். ஏற்கெனவே தாதி அவரிடம் மொழி என்னவென்று கேட்டு, தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்.

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் குரல் வந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த குரல். இந்தியப் பக்கத்துப் பஞ்சாபி, ஜலந்தர்க்காரர். எங்கள் பட்டியலில் மிகச் சிறந்தவர்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் விசாரணைகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்களை ஒதுக்கும் ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இன்ன மொழி வேண்டும் என்று விண்ணப்பம் வரும். பட்டியலில் அந்த மொழிக்கு நேரே உள்ள ஆளை அனுப்புவேன். அன்று நான் மேசையில் இல்லாததால் சக ஊழியர் அனுப்பியிருந்தார். நான் இருந்திருந்தாலும் அவரைத்தான் அனுப்பியிருப்பேன்.

வைத்தியர் கேட்டார்: "பிள்ளைக்கு முதலில் தலை அடிபட்டதா, நடுக்கம் முதலில் வந்ததா?"

ஜலந்தர்க்காரர் தன்னுடைய ஏறி இறங்கும் பஞ்சாபியில் கேட்டார். சாரதி ஓரிரு சொல் சொன்னார். "ஆம்" என்று மொழிபெயர்ப்பு வந்தது.

"எதற்கு ஆம்?"

மறுபடி கேள்வி. மறுபடி ஆம்.

"வாகனத்தைச் சடுதியாக நிறுத்தினீர்களா?"

"ஆம் என்கிறார், டொக்டர்."

"பிரேக் அடிச்சிருக்கிறான்! அவனே ஒத்துக்கொள்ளுறான்!" என்று என்னை அறியாமல் தமிழில் கத்திவிட்டேன். பிறகு பிரெஞ்சில் அதையே கத்தினேன். சாரதிக்கு இரண்டும் விளங்கவில்லை, ஆனால் நான் நீட்டிய விரல் விளங்கியது. சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, சத்தம் போடாதேங்கோ. பிள்ளை எழும்பிடும்" என்றாள் மனைவி. அடுத்த கணமே, "ஆனா எதையோ மறைக்கிறான். மூஞ்சையைப் பாருங்கோவன்" என்றாள்.

"நீர் சும்மா இரும்."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீங்கள்தான் குழறுறியள்."

அப்போது ஜலந்தர்க்காரர் ஆங்கிலத்துக்கு மாறினார். "டொக்டர், நான் என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? இந்த மனிதர் ஜீலம் ஆற்றுக்கு அப்பால், ராவல்பிண்டிப் பக்கத்து மேட்டுநிலத்துக்காரர். அவருடைய வீட்டுப் பேச்சு எனக்கு முக்கால்வாசி விளங்கும். ஆனால் அதை என்னிடம் பேச மாட்டேன் என்கிறார். உத்தியோகத்தர் முன்னால் என்று நினைத்து லாகூர்ப் பேச்சுப் பேசப் பார்க்கிறார், இடையில் பள்ளிக்கூடத்து உருது. இரண்டும் அவருக்குச் சரியாக வரவில்லை. அதனால் எதைக் கேட்டாலும் ஒப்புக்கொள்கிறார். பயந்திருக்கிறார். இப்படி வாங்கிய பதிலை மொழிபெயர்ப்பு என்று உங்களிடம் தர எனக்கு மனமில்லை."

"ஆனால் பஞ்சாபிதானே?" என்றார் வைத்தியர்.

"பஞ்சாபிதான், டொக்டர். நானும் பஞ்சாபிதான். அவரும் பஞ்சாபிதான்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அகதி விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று சென்னையிலிருந்து வந்த ஓர் இளைஞர் போனார். நல்ல பிள்ளை, படித்தவர். எதிரே இருந்தவர் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி. அந்த இளைஞரின் தமிழைக் கேட்டதும் இவர் தன் பேச்சை விட்டுவிட்டு, படங்களில் கேட்ட தமிழில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். தன் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோன கதையை மூன்று வசனத்தில் முடித்துவிட்டார். வெளியே வந்து என்னிடம், "அந்தச் சென்னைத் தம்பியோட என்னெண்டு அதையெல்லாம் கதைக்கிறது?" என்றார். அன்றைக்கே நான் மேலதிகாரியிடம் சண்டை போட்டு, எங்கள் மொழிப் படிவத்தில் தமிழுக்கு இரண்டு கட்டம் வாங்கினேன்: இலங்கை, இந்தியா. அதில் எனக்குப் பெருமை. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்லிக் காட்டுவேன்.

அதே நான்தான் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை மொழிபெயர்ப்பாளராகப் பதிவுசெய்தபோது, அவர் தன் மொழியைப் "பொட்டொஹாரி" என்று சொன்னதும், "அப்படி ஒரு கட்டம் இல்லை, அக்கா. பஞ்சாபி என்று போடுகிறேன்" என்றவன். புரோசார்ட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். அன்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினார். பட்டியாலாவிலிருந்து மேற்கே நடந்து போனால் எந்த ஊரிலும் பேச்சு மாறியதாகத் தெரியாது என்றார். பட்டியாலாக்காரருக்கு லூதியானா விளங்கும். லூதியானாவுக்கு ஜலந்தர் விளங்கும். ஆற்றைக் கடந்தால் அம்ரித்சர். அம்ரித்சரும் லாகூரும் ஏறக்குறைய ஒரே பேச்சு, நடுவில் கம்பிவேலி மட்டும்தான். லாகூருக்கு அப்பால் குஜ்ராத் என்ற ஊர், பிறகு ஜீலம். அந்த ஆற்றையும் கடந்தால் அவருடைய மேட்டுநிலம், அங்கேதான் பொட்டொஹாரி. தெற்கே முல்தானுக்குப் போனால், அங்கே உள்ளவர்கள் தாங்கள் பேசுவது பஞ்சாபியே இல்லை, தனிமொழி என்பார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஊர் விளங்கும். ஆனால் இந்த முனையில் நிற்பவரையும் அந்த முனையில் நிற்பவரையும் ஓர் அறையில் விட்டால் இருவரும் ஹிந்திப் படத்து மொழியில்தான் பேசுவார்கள். "பஞ்சாபி என்றால் நான் லாகூர்ப் பஞ்சாபி பேசுவேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். நீங்களும் நினைக்கிறீர்கள்" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஆனால் அடுத்த அழைப்பு காத்திருந்தது. பஞ்சாபி என்றே போட்டேன்.

இப்போது வைத்தியரிடம் சொன்னேன், எனக்கு ஓர் ஆளைத் தெரியும் என்று. சம்பந்தப்பட்ட பிள்ளையின் தகப்பனே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது எங்கள் விதிகளுக்கு நேர் எதிரானது. அதையும் சொன்னேன். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்கான் அறையை ஒதுக்கியாகிவிட்டது. இருபது நிமிடம் பொறுப்பேன். இடையில் பிள்ளை வாந்தி எடுத்தால், அல்லது எழுப்பியும் எழும்பாவிட்டால், உடனே கொண்டுபோவேன்."

முதல் அழைப்புக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மனைவி மகளின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். அவள் முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மூன்றாவது அழைப்பை மருந்துக்கடை அக்கா எடுத்தார்.

"அட, கட்டமில்லாத ஐயாவா? என்ன, கணினியில் எனக்கு இடம் முளைத்துவிட்டதா?"

"அக்கா, உடனே வேண்டும்."

"எனக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர் நிற்கிறார்கள். மாலையில் எடுங்கள்."

"என்னுடைய மகள்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

ஒரு கதவு சாத்தப்பட்டு, கடைச் சத்தம் நின்றது. "தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள். ஒலியைக் கூட்டுங்கள். நீங்கள் அவருக்கு முன்னால் நிற்காதீர்கள்."

அந்த அக்கா பேசத் தொடங்கியதும் சாரதி கையிலிருந்த கருவியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், உள்ளே யாரோ இருப்பதைப் போல. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் பதினொரு வருடமாகப் பஞ்சாபியைத் தொலைபேசியில் கேட்ட காதுக்கு, ஜலந்தர்க்காரர் சொற்களின் முடிவில் 'தா' போட்ட இடங்களிலெல்லாம் இந்தப் பெண் 'நா' போடுவது மட்டும் தெரிந்தது. சாரதி ஒரு சொல் சொன்னார். பிறகு ஒரு வசனம். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

அந்த அக்கா மகளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் என்று போய்க்கொண்டிருந்தது. ஊர்ப் பெயர்கள் மட்டும் என் காதில் விழுந்தன. ஒரு பெயரைக் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். நான்கு நிமிடம் போயிற்று. வைத்தியர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"என்ன இவ, கலியாணம் பேசுறாவோ?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொறும்."

"பிள்ளை இஞ்ச கிடக்குது, இவையள் அங்க சொந்தம் தேடுகினம்."

எங்கள் ஆட்களும் இப்படித்தான், எந்த ஊர், எந்த ஒழுங்கை என்று கேட்காமல் எதையும் சொல்லமாட்டார்கள். இருந்தும் எனக்கும் அந்த நேரத்தில் அந்த அக்காவின் மேல் கோபம்தான்.

பிறகு சாரதி சொல்லத் தொடங்கினார். இடையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தொப்பியைத் தொடையில் வைத்துவிட்டு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலையைத் தூக்கினார். தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பிக் கண்களையும் அதே பக்கம் செருகினார். இடது கை அசையாமல் இருந்தது. வலது கையின் விரல்கள் வெடுக் வெடுக்கென்று இழுக்க, அது மணிக்கட்டுக்கு ஏறி, தோளுக்கு ஏறியது. மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே வைத்தியர் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது என் மகளை. ஒரு நரைமீசைக்காரரின் உடம்பில்.

அதன்பின் அவர் தன் காலைக் காட்டினார். குனிந்து பனிச் சப்பாத்தை இழுப்பதுபோல் செய்தார். நிறுத்தினார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

பிறகு அந்த அக்கா ஆங்கிலத்தில் சொன்னார், அவசரப்படாமல்:

"பிள்ளை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாளாம். பாட்டு நின்றது. கண்ணாடியில் பார்த்தால், தலை வலது யன்னல் பக்கம் திரும்பியிருந்தது, வலது கை இழுத்தது. வண்டியை மெதுவாகத்தான் ஓரம் கட்டினார். பிரேக் அடிக்கவில்லை. பின்கதவைத் திறந்து, இருக்கைப் பட்டியை அவிழ்த்து, அவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டார். இனிச் சொல்வதை நான் அப்படியே சொல்ல வேண்டும், ஐயா, அவரைக் கோபிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தால் காலில் போட்டிருக்கும் சப்பாத்தைக் கழற்றி மூக்கில் பிடிப்பார்கள். தோல் மணத்துக்கு வலிப்பு விடும் என்பார்கள். இவர் தன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். அது பனிச் சப்பாத்து, இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் கழற்றினார். அந்தக் கணம் பிள்ளையின் நெற்றி கதவு விளிம்பில் அடித்தது. 'ஒரு அந்நியப் பெண்பிள்ளையின் முகத்தில் என் சப்பாத்தைப் பிடித்தேன், அவள் தலையையும் உடைத்தேன், இதை அவளுடைய தகப்பனிடம் எந்த வாயால் சொல்வேன்' என்று கேட்கிறார்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கீழே, அவருடைய பனிச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்கட ஆக்களெண்டா வலிப்புக்குக் கையில பூட்டின்ர இரும்புத் திறப்பைக் குடுத்திருப்பினம்" என்றாள். "நான் நிண்டிருந்தா நானும் அதைத்தான் தேடியிருப்பன்."

வைத்தியருக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "எவ்வளவு நேரம்?" என்றார். ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தால் மருந்து வேறு, ஆபத்தும் வேறு.

சாரதி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால், கண்ணாடியில் கண்ட கணத்திலிருந்து இழுப்பு நிற்கும்வரை குர்ஆனிலிருந்து ஒரு வசனத்தை ஓதிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான்கு தடவை. நான்காவது முடியும்போது உடம்பு தளர்ந்தது.

"அதை இப்போது ஓதுவாரா?" என்று வைத்தியர் கேட்டார். "அப்போது ஓதிய அதே வேகத்தில்."

அந்த அக்கா அதைச் சொன்னதும் அவர் எங்களைப் பார்த்தார், முதலில் மனைவியை, பிறகு என்னை. அனுமதி கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையாட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஓதத் தொடங்கினார். அரபு. அவருக்கும் அந்த அக்காவுக்கும் எனக்கும் எவருக்கும் வீட்டுமொழி அல்லாத ஒன்று. முதல் தடவை நிதானமாக வந்தது. இரண்டாவதில் வேகம் கூடியது. மூன்றாவதில் மூச்சு வாங்கியது, அவர் அந்தப் பின்கதவடியில் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வைத்தியர் நொடிமுள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான்காவது முடிந்தது.

"மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு" என்றார் வைத்தியர். எழுதினார். தாதியிடம் திரும்பி, ஸ்கான் அறையை விட்டுவிடச் சொன்னார். அடி பிறகுதான் பட்டிருக்கிறது, அதுவும் உட்கார்ந்த உயரத்திலிருந்து. மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்ப்போம், காலையில் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்வோம் என்றார். தழும்பைப் பற்றி முன்பு சொன்னது பெரும்பாலும் சரிதான் என்றார்.

நான் சாரதியிடம் போனேன். கையைப் பிடித்தேன். வியர்த்திருந்தது. அவர் தொலைபேசியில் ஏதோ கேட்டார்.

"கம்பனியில் முறைப்பாடு செய்வீர்களா என்று கேட்கிறார்" என்றார் அக்கா.

"இல்லையென்று சொல்லுங்கள். கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்லுங்கள்."

"அதை நீங்கள் கத்தியபோதே மறந்துவிட்டேன் என்கிறார். பொய். ஆனால் நல்ல பொய்." கடைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வரிசையில் இப்போது ஒன்பது பேர் நிற்கிறார்கள், ஐயா. வைக்கிறேன்."

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மேலதிகாரியிடம் பஞ்சாபிக்குக் கூடுதல் கட்டங்கள் கேட்டேன். "எத்தனை?" என்றார். நியாயமான கேள்வி. பட்டியாலாவில் தொடங்கி மனதுக்குள் மேற்கே நடந்து பார்த்தேன், எந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் கோடு போட என்னால் முடியவில்லை. கடைசியில் கட்டம் வேண்டாம் என்றேன். விண்ணப்பத்தில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன்: எந்த ஊர், வீட்டில் எப்படிப் பேசுவீர்கள். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை நானே தொலைபேசியில் கேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். அழைப்புகள் நீளுகின்றன என்று சக ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள்.

மகள் வலிப்பு வந்த மறுநாள் காலையில்தான் முழுசாக விழித்தாள். தலையில் கம்பிகள் ஒட்டியிருந்தன. வில்லரேயில் தோழிக்குக் கை காட்டியது நினைவிருந்தது, அதற்குப் பிறகு கட்டில்தான். நடுவில் ஒன்றுமில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, எனக்கு என்ன நடந்தது?"

பாட்டு நின்றதைச் சொன்னேன்.

"பேந்து?"

கையைச் சொன்னேன். வண்டி மெதுவாக ஓரம் கட்டியதைச் சொன்னேன்.

"பேந்து?"

சப்பாத்தைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். "மணத்ததோ?" என்று கேட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மனைவி சிரித்தாள், முந்தைய நாளிலிருந்து முதன்முறையாக. நெற்றி அடித்ததைச் சொன்னேன். ஒருவர் நான்கு தடவை ஓதியதைச் சொன்னேன்.

"பேந்து?"

"பேந்து நிண்டுட்டுது. நீர் நித்திரையாயிட்டீர்."

அவள் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். மருந்து தொடங்கியிருந்தோம். திரும்ப வராது என்று வைத்தியர் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை.

"பேந்து, அப்பா?" என்றாள் மறுபடியும்.

நான் அவளுடைய வலது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல்கள் அசையாமல் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.